மூணு கட்டை டார்ச்சும் 143 அடி அணையும்

ஆடி அமாவாசைக்கு முன்னாலேயே காரையாறு போய், சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவது விக்கிரமசிங்கபுரத்தில் பல வீடுகளில் பரம்பரை வழக்கம். ஒரு வருஷம் நான் பெருமையாக ரீசார்ஜ் கட்டை நான்கை எடுத்துக்கொண்டு போனேன். பொங்கல் சமயத்தில் முழுக்க சார்ஜ் ஏற்றி மேசை டிராயரில் பத்திரப்படுத்தியிருந்தவை. முதல் ராத்திரி டார்ச்சைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. கால் மணி நேரம்தான். மங்கக்கூட இல்லை, பொசுக்கென்று அணைந்துவிட்டது. பக்கத்துக் குடில் மாமா தன் பழைய மூணு கட்டை டார்ச்சை நீட்டினார். "மங்கலாத்தான் எரியும் மருமவனே, ஆனா விடிய விடிய எரியும்லா."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரி செல்லுக்கு எங்கள் பக்கம் கட்டை என்றுதான் பெயர். பழைய டார்ச்சுக்குப் போடுவது பெரிய கட்டை, கடிகாரத்துக்குப் போடுவது பென்சில் கட்டை. தூக்கிப் போடும் கட்டை நல்லதா, சார்ஜ் ஏற்றும் கட்டை நல்லதா என்று அன்றைக்கு இருட்டில் தொடங்கிய வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

மின்சாரக் கணக்கை அணைக் கணக்காகச் சொன்னால் இந்த ஊரில் சட்டென்று பிடிபடும். மழைக்காலத்தில் பேப்பரைத் திறந்ததும் பாபநாசம் எத்தனை அடி என்று தேடுகிறவர்கள் நாங்கள். 143 அடி என்றால் அணை நிறைந்தது என்று குழந்தைக்கும் தெரியும். வோல்ட் என்பது அந்த அடிக்கணக்கு. கட்டையின் மேல் எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் எண், உள்ளே இருக்கும் மொத்தத் தண்ணீர். டார்ச்சோ பொம்மைக் காரோ இழுக்கும் கரண்ட், மதகில் திறந்துவிடும் தண்ணீர். சொல்லப்போனால் எங்கள் அணையே ஒரு ரீசார்ஜ் கட்டைதான். தென்மேற்கும் வடகிழக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை சார்ஜ் ஏற்றுகின்றன; கீழே பாபநாசம் மின்நிலையம் 1944-லிருந்து அதைச் செலவழிக்கிறது.

சாதாரணக் கட்டை புதிதில் 1.5 வோல்ட். எடுக்க எடுக்க 1.4, 1.3 என்று படிப்படியாக இறங்கும், கிணற்றில் இறைக்கிற மாதிரி. ரீசார்ஜ் கட்டை, அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரகம், 1.2 வோல்ட்தான். "அப்போ பவர் கம்மியா?" என்று கடையில் எல்லோரும் கேட்பார்கள். அது பரந்த குளம். தண்ணீர் போய்க்கொண்டிருந்தாலும் மட்டம் இறங்குவதே தெரியாது. கிட்டத்தட்ட கடைசி வரை 1.2-ஐ ஒட்டியே நின்று, பிறகு ஒரேயடியாகத் தரைதட்டும். மாமாவின் டார்ச் மங்கி மங்கி எரிந்ததும், என்னுடையது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்ததும் இதனால்தான்.

அடியும் கொள்ளளவும் மட்டும் போதாது, மதகின் அகலமும் வேண்டும். மலிவான துத்தநாகக் கட்டைக்கு மதகு குறுகல். மெதுவாகக் கேட்டால் கொடுக்கும், அவசரப்படுத்தினால் மூச்சு வாங்கும். சின்ன வயதில் தீர்ந்த கட்டைகளை மச்சில் வெயில் காய வைப்போம். அப்பா மில்லில் ராத்திரி ஷிப்டுக்கு சைக்கிளில் கிளம்பும் முன் அதையே டார்ச்சில் போட்டால் இன்னொரு நாள் ஓடும். சூரிய வெளிச்சம் கட்டைக்குள் போய்விட்டது என்று நம்பினேன். உண்மையில் சூட்டில் உள்ளே வேதிவினை வேகம் பிடிக்கிறது. ஓய்வில், நடுவே நிற்கும் கரிக்குச்சியைச் சுற்றித் தேங்கிக் கிடந்தவை கொஞ்சம் பரவி வழிவிடுகின்றன. வெயில் புதுத் தண்ணீர் கொண்டுவரவில்லை, இருக்கிற மதகைக் கொஞ்சம் அகலமாக்கியது. சில பையன்கள் கட்டையைப் பல்லால் கடித்து நசுக்கியும் பார்ப்பார்கள். யாரும் செய்ய வேண்டாம்.

இந்தத் துத்தநாக ரகத்தின் மூலம் 1866-இல் பிரான்ஸ்காரர் லெக்லாஞ்சே செய்த செல். அதில் இருந்தது திரவம். 1880-களில் ஜெர்மனியின் காஸ்னர் அதைக் களி போலக் கெட்டியாக்கினார், தலைகீழாகக் கவிழ்த்தாலும் சிந்தாத கட்டை பிறந்தது. பாபநாசத்தில் ஹார்வி மில் வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். இந்தக் கட்டையில் ஒரு விசித்திரம் உண்டு: வெளியே இருக்கும் துத்தநாகக் குவளைதான் பாத்திரம், அதுவேதான் விறகு. எரிய எரியப் பாத்திரமே கரைந்து மெலியும். மறந்துபோன கட்டை ரேடியோவுக்குள் பிசுபிசுவென்று ஒழுகிக் கம்பிச் சுருளைப் பச்சையாக அரித்து வைப்பது அப்படித்தான். இதைச் சார்ஜரில் போட்டு மீட்க நினைப்பது சாம்பலை விறகாக்கப் பார்ப்பது. சூடேறி ஒழுகும், வெடிக்கவும் செய்யும். ரீசார்ஜ் கட்டையில் எரிவது எதுவும் இல்லை. ஹைட்ரஜன் ஒரு பக்கத்து உலோகக் கலவையிலிருந்து மறுபக்கத்து நிக்கலுக்குப் போகும், சார்ஜ் ஏற்றினால் திரும்பி வரும். வீரவநல்லூர்த் தறியில் நாடா போய் வருகிற மாதிரி. நூற்றுக்கணக்கான தடவை போய் வந்த பிறகுதான் தேய்மானம் தெரியும்.

பிறகு ஏன் என் டார்ச் கைவிட்டது? அணைக்கு ஆவியாதலும் கசிவும் உண்டல்லவா. பழைய ரக நிக்கல் கட்டை சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். தையில் நிரப்பியது ஆடியில் எங்கே இருக்கும்? 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கசிவு குறைந்த ரகத்தைக் கொண்டுவந்தது. வருஷம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இன்றைக்கு வாங்குவதானால் அந்த ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

காசுக் கணக்குக்கு வருவோம். சுவர்க் கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். இருபது ரூபாய்க் கட்டை ஒரு வருஷம் ஓடும். அதற்கு முந்நூறு ரூபாய் ரீசார்ஜ் கட்டையைப் போட்டால் முதல் திரும்பப் பதினைந்து வருஷம் ஆகும், அதற்குள் கட்டையே கிழமாகிவிடும். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் மலிவுக் கட்டைதான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோயில் கொடை விழாவில் மைக்செட் போடுகிறவர் கணக்கு வேறு. கார்ட்லெஸ் மைக்குக்கு ராத்திரிக்கு இரண்டு ஆல்கலைன் கட்டை (தூக்கிப் போடும் ரகம்தான், ஆனால் மதகு அகலம்), ஒன்று நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ராத்திரியில் ஒரு ஜோடி ரீசார்ஜ் கட்டையின் விலை வந்துவிடும், இன்னும் பதினைந்து ராத்திரிக்குள் நல்ல சார்ஜருக்கும் வந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு கொடையும் லாபம். அம்மாவின் பிரஷர் பார்க்கும் மிஷின் நடுவில் நிற்கிறது: மோட்டார் காற்றடிக்கும்போது ஒரே மூச்சில் இழுக்கும், மலிவுக் கட்டைக்கு அந்த மதகு கிடையாது. ஆல்கலைனோ ரீசார்ஜோ போட்டால் ஒழுங்காக ஓடும்.

எங்கள் ஊருக்கு மேலே களக்காடு முண்டந்துறைக் காட்டில் மரத்தில் கட்டிவைக்கும் புலிக் கேமராவும் பென்சில் கட்டைச் சங்கதிதான். நாள் கணக்கில் சும்மா கிடந்து, விலங்கு கடக்கும் நொடியில் பிளாஷுக்காக மொத்தமாக இழுக்கும். கசிவும் கூடாது, மதகும் அகலமாக இருக்க வேண்டும். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். இடத்துக்கு நாலு கட்டை என்றே போட்டாலும் லட்சத்தைத் தாண்டுகிறது. அத்தனையும் ஒரு தடவையோடு குப்பைக்குப் போனால் எங்கே கொட்டுவது?

இப்போது கடையில் கிடைக்கும் டார்ச்சுகளில் பெரும்பாலும் லித்தியம் கட்டை உள்ளேயே வைத்து மூடியிருக்கிறது, போன் சார்ஜரில் மாட்டினால் போதும். வசதிதான். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் கட்டை செத்தால் திறந்து மாற்ற வழியில்லை, டார்ச்சோடு தூக்கிப் போட வேண்டும். இதை ரீசார்ஜ் என்று சொல்லி விற்பது எனக்கு உறுத்துகிறது. மூடி திருகிக் கட்டை மாற்றும் டார்ச்சைத் தேடி வாங்குங்கள். எது தீர்ந்தாலும் ஆற்றங்கரைக் குப்பையில் போடாமல் தனியாகச் சேர்த்து வையுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சின்னக் கட்டைகளையும் சேர்த்துத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது.

போன ஆடிக்குக் காரையாறு கிளம்பும் முந்தின ராத்திரிதான் சார்ஜ் ஏற்றினேன். கட்டையின் மேல் சின்ன பிளாஸ்திரி ஒட்டித் தேதியும் எழுதினேன். மாமாவும் தன் மூணு கட்டை டார்ச்சோடு வந்திருந்தார். அவருடைய கட்டைகள் பகலெல்லாம் பாறைமேல் வெயில் காய்ந்தன.