பருத்தி எடுக்கும் மெஷினும் லேப்டாப் பேட்டரியும்

சின்னசேலம் பக்கம் எங்கள் காட்டில் பருத்தி போடுகிறோம். காய்கள் எல்லாம் ஒரே நாளில் வெடிக்காது. பல முறை எடுக்க வேண்டும். ஆள் கிடைக்காததால் பேட்டரியில் ஓடும் கை மெஷின் வாங்கினேன். மோட்டாரில் சுழலும் பல் உருளைகள் பஞ்சைப் பற்றி இழுத்துப் பைக்குள் தள்ளும். சருகு சேர்ந்தால் விலை குறையும் என்பதால், வெடித்த காயில் மட்டும் வைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓடும்? வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். 12 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர் என்றால் 96 வாட்-ஹவர். 24 வாட் மோட்டார் கணக்குப்படி 4 மணி நேரம் ஓடும், நடைமுறையில் குறையும். உங்கள் லேப்டாப் பேட்டரிக்கும் இதே கணக்குதான்.

சீசன் முடிந்ததும், தீர்ந்த பேட்டரியை அப்படியே பரணில் போட்டுவிட்டேன். அடுத்த வருடம் சார்ஜ் ஏறவே இல்லை. பஞ்சு செடியில் தொங்க, ஆள் தேடி அலைந்தேன். அது லெட்-ஆசிட் வகை. சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். எடுத்து வைக்கும்போது முழுதாகச் சார்ஜ் செய்து, அவ்வப்போது மீண்டும் ஏற்ற வேண்டும்.

லேப்டாப்பில் உள்ள லித்தியம்-அயான் வேறு மாதிரி. நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். வெயில் இரண்டுக்குமே ஆகாது.

எனவே பேட்டரியை எடுத்து வைக்கும் முன், அது எந்த வகை என்று லேபிளைப் பாருங்கள்.