தொடாமல் அளந்த கதை



பௌதிகம் பயிலும் நண்பர் எவரையேனும், "அளந்தவுடன் அணுத்துகளின் நிலை ஏன் மாறுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "அளக்கும் கருவி அதை இடித்துவிடுகிறது, அவ்வளவுதான்" என்பார். நானும் ஈராண்டுகள் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்தது! அந்தச் சமாதானம் போதாது என்று எனக்குக் காட்டியது நம் பெங்களூரிலேயே, சர் சி. வி. இராமன் 1948-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஒரு சோதனை. உர்பசி சின்ஹாவும் அவருடன் உழைத்தோரும் 2022-இல் அதை வெளியிட்டனர்.

ஒற்றை ஒளித்துகளை இரு பாதைகள் கொண்ட கருவியில் செலுத்தினர். அது சென்ற பாதையை அறியவேண்டும். அதைத் தீண்டவும் கூடாது. எங்ஙனம்? நம் விடுதிக்கு இரு வாயில்கள். ஒன்றில் மட்டும் காவலர். அவரிடம் அகப்படாமல் ஒருவன் உள்ளே வந்துவிட்டால், மற்ற வாயில் வழியாகவே வந்திருக்கவேண்டும். (இவ்வித்தை அறியாதார் நம்முள் இலர்.) காவலர் அவனைத் தொடவேயில்லை, வழியோ தெரிந்துவிட்டது. அதுபோல ஒரு பாதையை அடைத்துவைத்து, அகப்படாமல் வெளியேறிய துகள்களையே கணக்கில் கொண்டனர்.

கணக்கு, 1985-இல் லெகெட், அனுபம் கார்க் என்னும் இருவர் தந்தது. ஒரு பொருளை மூன்று வேளைகளில் நோக்குகிறோம். ஒவ்வொரு வேளையும் விடை +1 அல்லது –1. முதல் விடையை இரண்டாவதால் பெருக்குங்கள். இரண்டாவதை மூன்றாவதால் பெருக்கிக் கூட்டுங்கள். முதலையும் மூன்றையும் பெருக்கிக் கழியுங்கள். 1-க்கு மேல் வரவே வராது. எட்டே வகைதான்; நான் தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆகவே, துகள் எக்கணமும் ஏதேனும் ஒரு நிலையில் திட்டமாக இருந்து, நம் நோக்கும் அதைக் குலைக்கவில்லையென்றால், சராசரியும் 1-ஐத் தாண்டலாகாது.

இங்கே கிடைத்தது 1.32. பிழை 0.04 அளவே.

இடித்தது யார்? ஒருவருமில்லை. நீல்ஸ் போர் வழி நிற்போர், அளக்குமுன் "எந்தப் பாதை" என்ற கேள்விக்கே பொருளில்லை என்பர். 1952-இல் டேவிட் போம் சொன்ன வழியிலோ துகளுக்குப் பாதை உண்டு. ஆனால் அதை நடத்தும் அலை இரு பாதைகளிலும் செல்கிறது. அடைப்பு அவ்வலையை மாற்றிவிடுகிறது. காவலர் ஒரு வாயிலில் நின்றாலே, மறு வாயிலில் நுழைபவன் நடை மாறிவிடும்!

என் அறைத்தோழன் போர் கட்சி. நான் போம் பக்கம் சற்றுச் சாய்ந்தவன். "அந்த அடைப்பும் அணுக்களால் ஆனதுதானே? அது மட்டும் எப்போது 'அளக்கும் கருவி' ஆயிற்று?" என்று நான் கேட்டால், அவன் விளக்கை அணைத்துவிடுகிறான்.