தோற்ற ராக்கெட்டுக்கும் ஒரு பேட்ஜ்!

குழந்தைகளே! உங்கள் சட்டைப் பையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பள்ளியின் சின்னம் தைத்திருக்கிறதா? நீங்கள் வாயைத் திறக்காமலேயே, எந்தப் பள்ளியில் படிக்கிறீர்கள் என்று அந்தச் சின்னத் துணி சொல்லிவிடுகிறது அல்லவா?

ராக்கெட் பயணங்களுக்கும் இப்படி பேட்ஜ் உண்டு. யார் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்பதை உள்ளங்கை அளவுத் துணியில் படமாகச் சொல்லிவிடும். தபால்தலை, நாணயம் சேர்ப்பதுபோல இவற்றைச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளே, இந்தக் கதையில் உங்கள் ஊர்ப் பொருளான தோலுக்கும் இடம் இருக்கிறது! இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானிகள் தோல் ஜாக்கெட் அணிந்தார்கள். தங்கள் படைப்பிரிவின் சின்னத்தைத் தோல் துண்டில் வண்ணத்தால் வரைந்து, ஜாக்கெட்டின் மார்பில் தைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ராணுவ விமானிகளிலிருந்துதான் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பேட்ஜ் ஆசையும் அவர்களோடு கூடவே வந்துவிட்டது!

மூடி வைத்த எழுத்து

1965 ஆகஸ்ட் மாதம். கார்டன் கூப்பர், பீட் கான்ராட் என்ற இருவர் 'ஜெமினி 5' விண்கலத்தில் புறப்படத் தயாரானார்கள். எட்டு நாள் விண்வெளியில் தங்க வேண்டும். நிலவுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். அத்தனை நாள் மனித உடல் தாங்குமா என்று பார்க்கும் சோதனை அது.

தங்கள் பயணத்துக்கு ஒரு பேட்ஜ் வேண்டும் என்று கூப்பர் கேட்டார். ஒரு கூண்டு வண்டியின் படம் போட்டார்கள். அந்தக் காலத்தில் குடும்பத்தோடு புது இடம் தேடிப் போனவர்கள் ஓட்டிய வண்டி அது. அதன்மேல், 'எட்டு நாள். இல்லாவிட்டால் தோல்வி' என்ற பொருளில் ஒரு வாசகமும் எழுதினார்கள்.

நாசாவின் தலைவருக்குத் தயக்கம். "எட்டு நாள் முடியாமல் திரும்பினால் ஊர் சிரிக்குமே!" என்ற பயம்தான். கடைசியில் பேட்ஜுக்குச் சரி சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. பயணம் முடியும்வரை அந்த வாசகத்தின்மேல் ஒரு துணியைத் தைத்து மறைத்துவிட வேண்டும்! இருவரும் ஏறக்குறைய எட்டு நாள் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள். அதன் பிறகே வாசகம் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் பேட்ஜ் என்பது அங்கே வழக்கமானது.

நான்கு இலை

ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் முதல் ராக்கெட் 'ஃபால்கன் 1'. 2006-ல் ஏவினார்கள், தோல்வி. 2007-ல் மீண்டும் தோல்வி. 2008 ஆகஸ்டில் மூன்றாவது தோல்வி. அடுத்த மாதமே, 2008 செப்டம்பர் 28-ல், நான்காவது ராக்கெட் புறப்பட்டது. அந்தப் பயணத்தின் பேட்ஜில் நான்கு இலை கொண்ட ஒரு செடியை வரைந்திருந்தார்கள். மேல்நாட்டில் அதை அதிர்ஷ்டச் சின்னம் என்பார்கள். ராக்கெட் வென்றது! அதற்குப் பிறகு வந்த அந்த நிறுவனத்தின் பேட்ஜ்களில் அந்த நான்கு இலையைத் தேடிப் பாருங்கள். எங்காவது ஒரு மூலையில் ஒளிந்திருக்கும்.

அது அதிர்ஷ்டத்தின் அடையாளம் மட்டும்தானா? மூன்று முறை விழுந்தும் எழுந்தவர்களின் ஞாபகமும் அதில் இருக்கிறதே!

நம் ஸ்ரீஹரிகோட்டா

வேலூரிலிருந்து பறவை பறக்கும் நேர்வழியில் சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 1979 ஆகஸ்ட் 10-ல், இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3 புறப்பட்டது. திட்ட இயக்குநர் யார் தெரியுமா? நம் அப்துல் கலாம்! ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தலைவர் சதீஷ் தவான் தானே ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் வெற்றி வந்தது. அன்று, "நீங்கள் பேசுங்கள்" என்று கலாமை முன்னே அனுப்பினார்.

இன்னொரு கதை உங்கள் வயதுப் பிள்ளைகளுடையது. 2022 ஆகஸ்ட் 7-ல் எஸ்.எஸ்.எல்.வி. டி-1 என்ற புதிய சிறிய ராக்கெட் சோதனைக்காகப் பறந்தது. அதில் 'ஆசாதிசாட்' என்ற செயற்கைக்கோள் இருந்தது. 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் அதன் உள்கருவிகளைச் செய்திருந்தார்கள். இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வால், ராக்கெட்டின் கணினி தன் உணர்கருவிகள் எல்லாம் பழுது என்று தவறாக நினைத்துவிட்டது. போதிய வேகம் கிடைக்காமல் செயற்கைக்கோள் வீணாகிப் போனது. அந்த மாணவிகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. விஞ்ஞானிகள் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10-ல் டி-2 ராக்கெட் 'ஆசாதிசாட்-2'-ஐச் சுமந்து சென்று சரியான பாதையில் சேர்த்தது.

உங்கள் ஆல்பத்தில் டி-2 மட்டும் இருந்து டி-1 இல்லையென்றால், பாதிக் கதை காணாமல் போய்விடும் அல்லவா?

நீங்களும் சேர்க்கலாம்

இதற்குப் பணம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம். ராக்கெட்டின் பெயர், நாள், எதற்கான சோதனை, என்ன ஆனது - இந்த நான்கையும் எழுதுங்கள். செய்தித்தாளில் வரும் படத்தை வெட்டி ஒட்டுங்கள். தபால்தலையும் சேர்க்கலாம். 1975-ல் ஆரியபட்டாவுக்கும், 1981-ல் எஸ்.எல்.வி.-3-க்கும் நம் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டிருக்கிறது.

பேட்ஜ் கிடைக்காத பயணத்துக்கு நீங்களே ஒன்று வரையுங்கள். வீட்டில் யாராவது ஷூ கம்பெனியில் வேலை செய்தால், வேண்டாம் என்று ஒதுக்கிய சிறு தோல் துண்டு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அதில் வண்ணம் தீட்டலாம். வெட்டுவதையும் துளையிடுவதையும் மட்டும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். பின்பக்கத்தில், 'நானே செய்தது' என்று எழுதி நாளையும் போடுங்கள். அசல் எது, நகல் எது என்று தெளிவாகச் சொல்பவரே நல்ல சேகரிப்பாளர். 1967-ல் அப்போலோ விண்கலத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு, வீரர்களின் விண்வெளி உடையில் தீப்பிடிக்காத துணியில் அச்சிட்ட பேட்ஜைத்தான் வைத்தார்கள். நூலால் பின்னிய அப்போலோ பேட்ஜை யாராவது காட்டி, "இது நிலவில் நடந்தவரின் உடையில் இருந்தது" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்!

சரி, நோட்டை எடுத்துவிட்டீர்களா? முதல் பக்கத்தில் எந்த ராக்கெட்? 1979-ல் கடலில் விழுந்த எஸ்.எல்.வி.-3-லிருந்தே தொடங்குங்களேன்!

தெரியுமா உங்களுக்கு?

திப்பு சுல்தானின் படை போரில் ராக்கெட்டுகளைப் பயன்படுத்தியது. இரும்புக் குழாயில் வெடிமருந்தை நிரப்பி, அதை நீண்ட மூங்கில் கழியோடு சேர்த்துக் கட்டுவார்கள். எதனால் கட்டினார்கள் தெரியுமா? தோல் வாரால்! 1799-ல் திப்பு இறந்த பிறகு, அவருடைய குடும்பத்தினரை ஆங்கிலேயர்கள் காவலில் வைத்த இடம் வேலூர்க் கோட்டை.