டிக்கி திறக்கவில்லையா? கடப்பாரை வேண்டாம்

பெங்களூரின் தூசியும் மழையும் காரின் பின்பக்கப் பூட்டைப் பதம் பார்க்கின்றன. நல்லவேளையாக, பூட்டு இறுகுவதற்கு முன்பே எச்சரிக்கை தருகிறது.

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் சாலையைப் பிடிப்பதே பெரும்பாடு. அப்படித் தப்பித்துச் சேலத்துக்கோ திருவண்ணாமலைக்கோ விரையும் கார், அத்திப்பள்ளி அருகே பஞ்சரானால்? ஸ்டெப்னியும் ஜாக்கியும் டிக்கிக்குள் இருக்கின்றன. டிக்கியோ திறக்க மறுக்கிறது. சாவி திரும்புகிறது, மூடி அசையவில்லை. கையளவுப் பூட்டு ஒரு குடும்பத்தையே நடுரோட்டில் நிறுத்திவிடுகிறது.

பொறுமை இழந்தவர்கள் செய்யும் முதல் காரியம், ஸ்க்ரூடிரைவரையோ இரும்புக் கம்பியையோ வைத்து மூடியை நெம்புவது. பூட்டைவிட இதற்குத்தான் செலவு அதிகம். தகடு வளைந்துவிட்டால் டிங்கரிங், பெயிண்டிங் என்று வேலை நீளும். அதன் பிறகும் மூடி சரியாகப் பொருந்தாமல் மழைநீர் உள்ளே இறங்கும். உதிரி பாகங்களுக்குப் பெயர்போன ஜே.சி. சாலையில் புது லாக் வாங்கிவிடலாம். வளைந்த மூடியை அவ்வளவு எளிதாக நிமிர்த்த முடியாது.

அமைப்பு ஒன்றும் மர்மமானதல்ல. மூடியில் ஒரு கொக்கி, வண்டியின் உடலில் ஒரு இரும்பு வளையம் (சில மாடல்களில் இடம் மாறியிருக்கும்). மூடும்போது கொக்கி வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. அதை விடுவிக்க மூன்று வழிகள்: சாவி ஒரு சிறு கம்பியைத் தள்ளும், டிரைவர் சீட்டருகே உள்ள லீவர் ஒரு கேபிளை இழுக்கும், புதிய கார்களில் பட்டனை அழுத்தினால் குட்டி மோட்டார் அந்த வேலையைச் செய்யும். 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் காலத்தில் சாவியை விட்டால் வேறு வழியில்லை. இன்றைய கார்களில் வசதி கூடியிருக்கிறது. கூடவே, பழுதாகக்கூடிய இடங்களும் கூடியிருக்கின்றன.

பெங்களூர் இந்தப் பூட்டுக்கு உகந்த ஊரல்ல. ஓயாத சாலை, மெட்ரோ வேலைகளின் தூசி, பழைய கிரீஸில் படிந்து களிம்பாகிறது. மே மாதத்தில் ஒரு முறை, செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை வலுக்கும் மழை துருவைக் கொண்டுவருகிறது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெல்லந்தூர், யெமலூர் பகுதிகளில் வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்கு இன்ஜின் மட்டும்தான் பிரச்சினை என்றில்லை. தண்ணீர் புகுந்த வண்டியில் மோட்டார், ஸ்விட்ச், ஒயர் இணைப்புகள் என எதுவும் பிறகு மக்கர் செய்யலாம். அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் வாரக்கணக்கில் நிற்கும் கார்களின் கதை வேறு. பேட்டரி இறங்கிவிட, பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பதில் வராது.

ஆகவே முதலில் தேவைப்படுவது காதுதான். பட்டனை அழுத்தியதும் 'டிக்' என்று சத்தம் கேட்டால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, கொக்கிதான் சிக்கியிருக்கிறது. ஒருவர் மூடியைக் கீழே அழுத்தி அழுத்தி விட, இன்னொருவர் அதே நேரத்தில் பட்டனை அழுத்தினாலோ லீவரை இழுத்தாலோ பெரும்பாலும் திறந்துகொள்ளும். சாமான்களை அளவுக்கு மீறித் திணித்து மூடியவர்களுக்கு இது கைகண்ட வைத்தியம்; கொக்கியின் மீதிருக்கும் இறுக்கம் தளர்ந்தால் போதும். ரப்பர் பீடிங் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓரங்களில் உள்ளங்கையால் தட்டினால் விடும்.

சத்தமே இல்லையென்றால் பேட்டரியையும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியைப் பலர் மறந்தே போகிறார்கள். லீவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். சில மாடல்களில் லீவரைச் சாவியால் பூட்டிவைக்கும் வசதி உண்டு. வண்டியை சர்வீசுக்கு விடும்போது பூட்டிவிட்டு, பிறகு மறந்துபோய் மெக்கானிக்கைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? உள்ளே போக வேண்டியதுதான். பல கார்களில் பின் சீட்டை மடிக்கலாம். ஹாட்ச்பேக் கார்களில் பின்கதவின் உட்புறத்தில் பெரும்பாலும் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியோ துளையோ இருக்கும். டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவரால் உள்ளிருக்கும் நெம்புகோலை நகர்த்தினால் கொக்கி விடுபடும். எந்த இடம், எந்தப் பக்கம் தள்ளுவது என்பது காரோடு வரும் கையேட்டில் இருக்கும். அந்தக் கையேட்டையும் டிக்கியில் வைக்காமலிருப்பது புத்திசாலித்தனம்.

உள்ளிருந்து திறக்கும் வழி சாமானுக்காக மட்டுமல்ல. அமெரிக்காவில் 1998 கோடையில், மூன்று வாரங்களுக்குள் நடந்த மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் கார் டிக்கிகளில் சிக்கி இறந்தார்கள். அங்கே 2001 செப்டம்பர் முதல், தயாராகும் செடான் கார்களின் டிக்கியை உள்ளிருந்து திறக்க ஏதேனும் ஒரு வழி இருந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. இருட்டில் ஒளிரும் கைப்பிடிகள் பரவலானது அதனால்தான். நம் வீட்டுக் காரில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இருந்தால் குழந்தைகளுக்குக் காட்டித்தர வேண்டும். இல்லையென்றால் சாவி அவர்கள் கைக்கு எட்டக் கூடாது, நிறுத்திய கார் பூட்டியே இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் சில நிமிடங்கள்கூட ஆபத்துதான். குழந்தை உள்ளே சிக்கியிருந்தால் தகட்டையோ பெயிண்டையோ பற்றி யோசிக்கவே கூடாது. கண்ணாடியை உடைத்தாவது உடனே திறக்க வேண்டும்.

மற்ற நேரங்களில் இந்தத் தலைவலி வராமல் தடுக்க ஆகும் செலவு சொற்பம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கொக்கியைத் துணியால் துடைத்து, பழைய களிம்பை நீக்கி, புதிய கிரீஸ் தடவினால் போதும். சாவித் துவாரத்துக்குள் சமையல் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ விடுவது தவறு. அது தூசியை இழுத்துச் சேர்க்கும். கிராஃபைட் தூள்தான் சரி. துரு இளக்கும் ஸ்பிரே அவசரத்துக்கு உதவும். ஆனால் அது காய்ந்துவிடும், கிரீஸுக்கு மாற்றல்ல. வாட்டர் சர்வீஸின்போது தண்ணீர்க் குழாயைப் பூட்டின் மேலேயே பிடிக்க விடக் கூடாது. ரிமோட்டையே நம்பியிருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது சாவி போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். பயன்படாத பூட்டுதான் முதலில் இறுகும்.

முக்கியமாக, பூட்டு பேசுவதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது முயற்சியில் திறப்பது, ஓங்கி அடித்தால்தான் மூடுவது, சாவி கரகரப்பது எல்லாமே முன்னறிவிப்புகள். அப்போதே மெக்கானிக்கிடம் காட்டினால் சில நிமிட வேலை. நடுரோட்டில் ஸ்டெப்னி தேவைப்படும்போது அதே பூட்டு ஒரு இரவையே விழுங்கிவிடும்.