எலுமிச்சைச் சொறி நோயும் மரத்தின் உட்செயலும்

தெற்கு அந்தமானில், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் அமைந்துள்ள ஊர் பாம்பூஃப்ளாட். இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளும் மழை தருவதால் இலைகள் பல மாதங்கள் ஈரமாகவே இருக்கின்றன. வெப்பமும் ஈரமும் கூடிய இத்தகைய சூழ்நிலை, எலுமிச்சையைத் தாக்கும் சொறி நோய்க்கு மிகவும் ஏற்றதாகும்.

இந்நோய் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1827-க்கும் 1831-க்கும் இடையில் இந்தியாவில் சேகரிக்கப்பெற்று, இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தில் உலர்த்தி வைக்கப்பட்ட இலைகளிலேயே இதன் புண்கள் காணப்பட்டன. இலை, சிறுகிளை, காய் ஆகியவற்றில் தக்கை போன்ற சொரசொரப்பான கொப்புளங்கள் தோன்றும். இலையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மஞ்சள் வளையம் புலப்படும். சொறி பிடித்த கனிகள் சந்தையில் விலை போவதில்லை.

நோய்க்குக் காரணம் சாந்தோமோனாஸ் சிட்ரி என்னும் பாக்டீரியா. மழைத்துளியுடன் வந்து, இலைத்துளைகள் வழியாகவோ காயங்கள் வழியாகவோ உள்ளே புகுகிறது. மரம் வாளாவிருப்பதில்லை. பாக்டீரியா நீந்த உதவும் கசையிழையின் புரதத்தை உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள உணர்விகள் அடையாளங் காண்கின்றன. உடனே ஹைட்ரஜன் பெராக்சைடு சுரக்கிறது. உயிரணுச் சுவர் தடிக்கிறது. சாலிசிலிக் அமிலம் எச்சரிக்கைச் செய்தியைப் பரப்புகிறது. கும்குவாட் என்னும் சிறு நாரத்தையினத்தில் தாக்குண்ட உயிரணுக்கள் விரைந்து மடிந்து, பாக்டீரியாவை அவ்விடத்திலேயே முடக்கிவிடுகின்றன. எலுமிச்சையிலோ இவ்வெதிர்ப்பு போதிய வலிமை பெறுவதில்லை.

ஏனெனில் பாக்டீரியா ஊசி போன்ற உறுப்பினால் தன் புரதங்களை உயிரணுவுக்குள் செலுத்துகிறது. அவற்றுள் பி.டி.எச்.ஏ.4 என்னும் புரதம் உட்கருவிற்கே சென்றுவிடுகிறது. அது 34 அமினோ அமிலங்கள் கொண்ட கண்ணிகள் பல தொடர்ந்த சங்கிலி போன்றது. ஒவ்வொரு கண்ணியிலும் 12, 13-ஆம் இடங்களிலுள்ள அமினோ அமிலங்கள், மரத்தின் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தை இனங்காண்கின்றன. இவ்வாறு எழுத்தெழுத்தாகப் பொருந்தி, எல்.ஓ.பி.1 என்னும் ஜீனின் முகப்பில் அப்புரதம் அமர்ந்து, அதனை இயக்கிவிடுகிறது. இது 2014-ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது.

அந்த ஜீன் மரத்திற்கே உரியது என்பது கருதத்தக்கது. அது தூண்டப்பட்டதும் உயிரணுக்கள் பருத்துப் பெருகுகின்றன, மேல்தோல் வெடிக்கிறது, ஈரம் பட்டதும் பாக்டீரியாக்கள் வெளிப்பட்டு அடுத்த இலைக்குப் பரவுகின்றன. ஆகவே சொறி என்பது மரத்தின் வளர்ச்சிச் செயலே நோய்க்கிருமியின் ஏவலால் தடம் மாறியதன் விளைவாகும். 2017-ஆம் ஆண்டில் சீன ஆராய்ச்சியாளர்கள் ஆரஞ்சு மரத்தின் இந்த ஜீன் முகப்பைத் திருத்தியமைத்து, நோய் எதிர்ப்பைக் கூட்டிக் காட்டினர்.

இவ்வறிவு களப்பணியாளருக்கு எவ்வாறு பயன்படும்? தாமிர மருந்து இலையின் மேற்பரப்பில் மட்டுமே செயற்படுகிறது. உயிரணுவுக்குள் ஜீன் இயங்கத் தொடங்கிய பின் அதனை அடக்க அம்மருந்தால் இயலாது. தோன்றிய கொப்புளமும் மறையாது. ஆதலால் மருந்தைப் புதுத்தளிர் விடும்போதே, புண் தோன்றுமுன் தெளித்தல் வேண்டும். காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டர் நீருக்கு 3 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். மழைக்கு முந்திய வறண்ட மாதங்களில் நோயுற்ற சிறுகிளைகளை வெட்டி எரித்துவிட வேண்டும். இலைத்தோலினடியே வளைந்து வளைந்து துளைத்துச் செல்லும் புழுவையும் கட்டுப்படுத்த வேண்டும். அது ஏற்படுத்தும் காயம் பாக்டீரியாவுக்கு வாயிலாகிறது. மரங்கள் நனைந்திருக்கையில் தோட்டத்தில் வேலை செய்வதைத் தவிர்ப்பது நன்று.

கடல் சூழ்ந்த தீவுகளில் இன்னொன்றும் முக்கியமானது. மழையும் காற்றும் நோயை அண்டை மரங்களுக்குக் கொண்டு செல்கின்றன. தொலைவிலுள்ள தீவுக்கு அதனைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் மனிதன் எடுத்துச் செல்லும் கன்றே. எனவே கன்றுகளைப் படகில் ஏற்றுமுன் ஒவ்வோர் இலையையும் இருபுறமும் பார்த்தல் வேண்டும். இப்பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவர்களுக்கும், களப்பணியாளர்கள் குடியானவர்களுக்கும் கற்பிப்பார்களாயின், பல தோட்டங்கள் காக்கப்படும்.