பத்தாயிரம் அடி யாருடைய கணக்கு?

“பிள்ளை, இது என்ர நடையைக் குறைச்சுக் காட்டுது” என்றார் மாமா. 2009 இல் ஷெல் வீச்சில் முழங்காலுக்குக் கீழே இடக்காலை இழந்தவர். செயற்கைக் காலோடு நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்பவர். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கைப்பட்டியின் திரையில் அன்று மாலை 2,140 அடிகள்தான் இருந்தன. இலக்கு 10,000.

அதை எட்டவென்று இரண்டு நாள் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மூன்றாம் நாள் தறித்த காலின் நுனியில் தோல் உரிந்துவிட்டது.

கைப்பட்டி காலைப் பார்ப்பதில்லை. கை அசைவை வைத்தே அடிகளைக் கணிக்கிறது. ஊன்றுகோலைப் பிடித்த கையும் சைக்கிளை உருட்டும் கையும் வீசி ஆடுவதில்லை; அதனால் பல அடிகள் தவறிவிடும்.

10,000 என்பதும் மருத்துவர்கள் வகுத்த அளவல்ல. 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயர் ‘மன்போ கெய்’. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் அடிகளை அல்ல, நிமிடங்களையே சொல்கிறது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு. அதை எட்ட முடியாவிட்டாலும் சிறிதளவு அசைவும் நல்லதே என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவே.

ஆகவே முதல் ஒரு வாரம் வழமைபோல நடந்து, இரவில் திரையில் உள்ள எண்ணைக் குறித்துவையுங்கள். அதன் சராசரிதான் உங்கள் தொடக்கம். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தோல் சிவந்தால் அன்று ஓய்வு. நீரிழிவு இருந்தால் இன்னும் கவனம்.

இப்போது மாமா இரவில் செயற்கைக் காலைக் கழற்றி முதலில் தோலைப் பார்க்கிறார். திரையைப் பிறகுதான்.