நிலத்தடி நீர் மாசும் 'பரவல்' என்னும் சொல்லும்

நிலத்தடி நீரில் மாசு செல்லும் பாங்கைக் கணிக்கும் அறிக்கைகளைத் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்வது 'மாதிரி' என்னும் சொல்லின் பொருள் மயக்கம். கிணற்றிலிருந்து எடுத்த நீரும் 'மாதிரி'; நீரோட்டத்தைச் சமன்பாடுகளாகக் காட்டும் அமைப்பும் 'மாதிரி'. பின்னதைக் 'கணிதப் படிமம்' எனலாம். திறனாய்வில் 'படிமம்' வேறு பொருள் தரினும் இங்கு மயக்கம் நேராது.

'பரவல்' இதனினும் சிக்கலானது. ஓடும் நீர் மாசைத் தன்னுடன் கொண்டுசெல்வது ஒரு நிகழ்வு. மண்துகள்களின் இடைவெளிகளில் நீர் பல வழிகளாகப் பிரிந்து வெவ்வேறு விரைவில் செல்வதால் மாசு அகன்று நீர்த்துப்போவது மற்றொன்று. நீர் அசையாதிருப்பினும், செறிவு மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு மூலக்கூறுகள் நகர்வது பிறிதொன்று. இவற்றை முறையே 'உடன்கடத்தல்', 'அகல்வு', 'விரவல்' எனப் பிரித்துரைப்பது தகும். இரண்டாவதற்குச் 'சிதறல்' பொருந்தாது. அது ஒளியியலில் முன்னரே வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது.

'பரவல்' தரும் மனக்காட்சி, தாளில் ஊறும் மையைப் போன்றது. புனேயை அடுத்த கட்கி போன்ற இடங்களுக்கு அது ஒவ்வாது. மராத்தியில் 'கடக்' என்றால் பாறை. கட்கியின் அடிநிலமும் தக்காணப் பசால்ட்டுப் பாறையே. அங்கு நீர் பெரிதும் சிதைவுற்ற மேலடுக்கிலும் பிளவுகளிலும் ஓடுகிறது. மாசும் பிளவின் திசையிலேயே செல்லும். அருகிலுள்ள கிணறு தப்ப, தொலைவிலுள்ளது கெடலாம்.

பாலாற்றுப் படுகையின் நிலை வேறு. தோல் தொழிற்சாலைக் கழிவால் அங்கு நேர்ந்த கேடு குறித்த வழக்கில்தான், மாசுபடுத்துவோரே இழப்பை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆறிணைதிறக் குரோமியமோ நீருடன் எளிதில் செல்லும், நச்சும் மிக்கது. இணைதிறனை விடுத்துக் 'குரோமியம்' என்று மட்டும் எழுதின் செய்தியே மாறிவிடும்.

மண்ணில் ஒட்டியும் பிரிந்தும் செல்லும் மாசு, நீரைவிட மெதுவாக நகரும். இதனைக் குறிக்கும் 'ரிடார்டேஷன்' சில வேளைகளில் 'தடுப்பு' எனப் பெயர்க்கப்படுவது பெரும்பிழை. நீர் ஆண்டுக்கு 100 மீட்டர் செல்ல, அதன் காரணி 5 எனின், மாசு 20 மீட்டர் செல்லும். 1 கிலோமீட்டர் அப்பாலுள்ள கிணற்றை நீர் 10 ஆண்டில் அடையும். மாசு 50 ஆண்டில் அடையும். 'தடுப்பு' எனப் படிப்பவர் கிணறு காக்கப்பட்டதாகவே கொள்வார். 'தாமதம்' என்பதே நேரிய சொல்.